தாழ்ப்பாள் துப்பாக்கியும் அதன் தோட்டாவும்



தோட்டப்புறத்தில் காட்டுப்பன்றி சுட வருவோர் கையில் நாம் பெரும்பாலும் காண்பது சன்னத் துப்பாக்கி. சுட்டால் பல சிறு சன்னங்கள் சிதறிப் பாயும். இன்று நாம் அறியப்போவது ரைபிள் என்னும் வேறு வகை. அது ஒரே குண்டை நெடுந்தொலைவு செலுத்துவது. ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இயக்கிச் சுடுவது.

வடஇந்தியாவின் குமாவோன் மலைப்பகுதியில் மனிதரைக் கொன்றுவந்த சம்பாவத் பெண்புலியை 1907ஆம் ஆண்டு ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அதற்காக அவருக்குப் பரிசளிக்கப்பட்டது ரிக்பி நிறுவனத்தின் ரைபிள். ஜெர்மானியரான பால் மவுசர் வகுத்த தாழ்ப்பாள் முறையில் அமைந்தது அது. அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் தோட்டா. தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு. பித்தளைக் கூடு ஒன்று. இந்த ரைபிளுக்கு அதன் நீளம் 57 மில்லிமீட்டர். கூட்டின் அடியில், தட்டினால் தீப்பொறி எழுப்பும் சிறு மருந்துக் கிண்ணம். உள்ளே வெடிமருந்து. வாயில் செருகிய குண்டு. அதன் எடை ஏறத்தாழ 9 கிராம்தான்.

அடுத்து, தாழ்ப்பாள். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே தூக்கினால் பூட்டு விடுபடும். பின்னால் இழுத்தால் வெற்றுக் கூடு வெளியே வந்து விழும். முன்னே தள்ளினால், அடியிலுள்ள பெட்டியிலிருந்து புதிய தோட்டா குழலுக்குள் ஏறும். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும்.

இத்தனை உறுதியான பூட்டு எதற்கு? விசையை இழுத்ததும் ஊசி மருந்துக் கிண்ணத்தைக் குத்துகிறது. வெடிமருந்து நொடியில் எரிந்து வாயுவாகிறது. அதன் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 3,000 மடங்குக்கும் மேல். தாழ்ப்பாளின் இரும்புப் பற்கள் அதைத் தாங்குவதால்தான் சுடுபவர் முகம் தப்புகிறது. குழலின் உட்புறம் வெட்டியுள்ள திருகுப் புரிகள் குண்டைப் பம்பரம்போல் சுழற்றுகின்றன. சுழல்வதால் அது தடுமாறாமல் நேரே செல்கிறது. குழலை விட்டுப் புறப்படும்போது அதன் வேகம் நொடிக்கு 800 மீட்டருக்கும் மேல். ஒலியைவிட இரு மடங்கு விரைவு! ஆகவே வெடிச்சத்தம் கேட்பதற்கு முன்பே குண்டு வந்து சேர்ந்துவிடும். குறி தவறினால் 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடும். பன்றிக்குப் பின்னால் பால்வெட்டுக்குப் போகும் ஆள் இருக்கிறாரா, லயன் வீடு இருக்கிறதா என்று பாராமல் சுடுவது கொலைக்கு ஒப்பாகும்.

நேயர்களே, மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர் பலர் ஏந்திய லீ என்பீல்டும் தாழ்ப்பாள் ரைபிள்தான். எனவே பழைய தோட்டங்களில் மண்ணைக் கிளறும்போது தோட்டா அகப்படக்கூடும். பச்சை பிடித்துக் கிடந்தாலும் அது செத்துப்போனது என்று எண்ணவேண்டாம். பிள்ளைகள் அதைக் கல்லால் தட்டினாலோ, குப்பை எரியும் தீயில் போட்டாலோ என்ன ஆகும்? பூட்டித் தாங்கத் தாழ்ப்பாள் இல்லை. பித்தளைக் கூடே வெடித்துச் சிதறும். அந்தத் துணுக்குகள் கண்ணையும் விரலையும் பறித்துவிடும்.

உரிமம் இன்றித் தோட்டா வைத்திருப்பது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமுமாகும். ஆகவே கண்டால் தொடாதீர்கள். பிள்ளைகளை விலக்கி, இடத்தை அடையாளம் வைத்து, காவல் நிலையத்திற்குச் சொல்லுங்கள்.

துப்பாக்கி பற்றியும் ஒரு சொல். பெட்டியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டாலும், குழலுக்குள் ஒன்று தங்கியிருக்கலாம். தாழ்ப்பாளைத் திறந்து கண்ணால் பார்க்கும்வரை எந்தத் துப்பாக்கியும் நிரம்பிய துப்பாக்கியே. இதைப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லி வையுங்கள்.