பார்வை நரம்பு அழற்சி: சொல்லும் நோயும்

காய்ச்சலுக்குப் பின் தோன்றும் பார்வைக் குறையை நம் மக்கள் 'கண் மங்குகிறது' என்னும் ஒரே தொடரால் சொல்லி முடித்துவிடுகின்றனர். அத்தொடருள் பல நோய்கள் அடங்கும். அவற்றுள் ஒன்று பார்வை நரம்பு அழற்சி.

விழித்திரை பெறும் காட்சியை மூளைக்குக் கொண்டு செல்வது பார்வை நரம்பு. அதில் ஏறத்தாழ 10 இலட்சம் இழைகள் உள்ளன. 'அழல்' என்பது நெருப்பு. முயல் என்பதிலிருந்து முயற்சி பிறந்தாற்போல அழல் என்பதிலிருந்து அழற்சி பிறந்தது. ஆயினும் இந்த அழல் வெளியே தெரிவதில்லை. பெரும்பாலும் கண் சிவப்பதில்லை, பீளை தள்ளுவதில்லை. நோயாளி வாய் திறந்து சொன்னாலன்றிப் பிறர் அறியார்.

2006இல் தென்னிந்தியாவில் சிக்குன்குன்யா பரவியபோது, காய்ச்சலோடும் அது தணிந்த சில வாரங்களிலும் இவ்வழற்சி தோன்றியதைத் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவர்கள் பதிவு செய்தனர். வைரசு நேரே தாக்குவதாலோ, அதனை எதிர்க்க எழுந்த உடலின் காப்பாற்றல் நரம்பையே தாக்குவதாலோ இது நேரலாம். டிங்கிக் காய்ச்சலுக்குப் பின்னும் இது நேர்வதுண்டு.

செனாவாங் தோட்டப்புறத்தார்க்கு இச்செய்தி தொலைவானதன்று. இவ்விரு காய்ச்சலையும் பரப்பும் ஏடிஸ் கொசு, இரப்பர்க் காட்டில் கைவிடப்பட்ட பால் மங்குகளில் தேங்கிய மழைநீரிலும் பெருகும். தோட்டங்கள் தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பாகவும் மாறிய பின் பூச்சாடியும் பழைய டயரும் அதற்கு இடமளிக்கின்றன.

ஆதலின் நோயைச் சொல்லும் மொழியை நாம் கூர்மையாக்க வேண்டும். மங்கல் ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாலன்றி இது விளங்காது. நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். விழியை அசைக்கையில் வலிக்கிறதா? சிவப்பு நிறம் வெளிறித் தோன்றுகிறதா? பார்வையின் நடுவில் மறைப்பு உண்டா? காய்ச்சல் வந்து எத்தனை நாளாயிற்று? இறுதி வினா இன்றியமையாதது. தணிந்த காய்ச்சலை நாம் சொல்லாவிடில், மருத்துவர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பது அரிது.

சிகிச்சையால் பலர் பார்வையை மீளப் பெறுகின்றனர். சிலர்க்குக் குறை நிலைத்துவிடுகிறது. 'காய்ச்சல் அசதிதான், தானே தெளியும்' என்று காத்திருத்தலும், கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுதலும் தவறு. அன்றே சிரம்பான் மருத்துவமனைக்குச் செல்லுதல் நன்று.

மலாயோ ஆங்கிலமோ சரளமாகப் பேச இயலாத பாட்டிக்காக மருத்துவரிடம் பேசுபவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பேரப்பிள்ளையே. இவ்வினாக்களை ஆசிரியர்கள் வகுப்பறையில் பயிற்றுவிப்பார்களாயின், பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டறிந்து மருத்துவரிடம் பிழையின்றிச் சொல்வர்.