நள்ளிரவில் கேட்கப்படும் ஒரு துளி இரத்தம்

இஷாத் தொழுகை முடிந்து, உணவுண்டு, விளக்கணைத்துப் படுத்த பின்னர் உங்கள் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. திறந்து பார்த்தால், சுகாதாரத் துறைப் பணியாளர் இருவர் நிற்கின்றனர். கையில் சிறிய ஊசியும் கண்ணாடித் தகடுகளும் இருக்கின்றன. "வீட்டில் உள்ளவர்களின் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் வேண்டும்" என்கின்றனர்.

"எங்கள் வீட்டில் யாருக்கும் நோயில்லையே! அப்படியே வேண்டுமென்றாலும் பகலில் வரக்கூடாதா?" என்று சலித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவோர் நம்மில் அநேகர். திட்டக்குடியிலும் சரி, லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் சரி, இந்த இரு கேள்விகளும் எழுவது இயல்பே. ஏன் இரவில் வருகின்றனர்? நோயில்லாதவரிடம் ஏன் இரத்தம் கேட்கின்றனர்? அன்பு வாசகர்களே, இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், அடுத்த முறை கதவைச் சாத்த உங்களுக்கு மனம் வராது.

நம்மைப் போலவே அமைந்த எதிரி

கிருமி என்றதும் காலரா, காசநோய், டைபாய்டு ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் உயிரணு நம்முடைய உயிரணுவிலிருந்து பெரிதும் மாறுபட்டது. அதற்கென்று தனியான உட்கரு கிடையாது. அதைச் சுற்றி நமக்கு இல்லாத ஒரு சுவர் உண்டு. பெனிசிலின் போன்ற மருந்துகள் அச்சுவரைத் தாக்குவதால், கிருமி அழிகிறது. நம் உடலுக்குப் பெரும்பாலும் கேடு நேர்வதில்லை.

ஆனால் வேறொரு கூட்டமும் உண்டு. மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி, சீதபேதிக்குக் காரணமான ஒருவகை அமீபா, தோலில் படர்தாமரையை வளர்க்கும் பூஞ்சை, குடலிலும் இரத்தத்திலும் வாழும் புழுக்கள் ஆகியவை அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றின் உயிரணுக்களில் நம்முடையவற்றைப் போலவே உட்கரு உண்டு. அமைப்பிலும் நம்மோடு பல ஒற்றுமைகள் உண்டு. நம்மைக் காயப்படுத்தாமல் இவற்றை மட்டும் அழிப்பது கடினம். எனவேதான் இவற்றுக்கான மருந்துகள் எண்ணிக்கையில் குறைவு. முழுவதும் அழிக்கும் ஆற்றல் அவற்றில் பலவற்றுக்கு இல்லை.

அத்தகைய எதிரிகளுள் நம் மாவட்டம் நெடுங்காலமாக அறிந்த ஒன்று, யானைக்கால் நோயை உண்டாக்கும் பைலேரியா புழு.

பகலில் ஒளிந்து, இரவில் வெளிவரும் நுண்புழு

தமிழகத்தில் இந்நோயைத் தருவது உச்சரேரியா பாங்கிராப்டி என்னும் புழு. வளர்ந்த பெண் புழு வெள்ளை நூல் போன்றது. எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளமுடையது. அது நம் நிணநீர் நாளங்களில் குடியேறிப் பல ஆண்டுகள் உயிர் வாழ்கிறது. இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈன்று இரத்தத்தில் விடுகிறது. அந்நுண்புழுக்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே அவற்றின் நீளம்.

பகல் முழுவதும் இவை நுரையீரலின் ஆழமான இரத்தக் குழாய்களில் தங்கிவிடுகின்றன. இரவு பத்து மணிக்கு மேல், தோலை அடுத்த சிறு குழாய்களுக்கு வந்து சேர்கின்றன. ஏன் தெரியுமா? இவற்றைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் அந்நேரத்தில்தான். கொசு உறிஞ்சும் இரத்தத்தோடு அதன் உடலுக்குள் புகுந்து, இரண்டு வார அளவில் வளர்ந்து, அடுத்த மனிதரைத் தொற்றும் பக்குவத்தை அடைகின்றன. பகலில் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் தெரியாமற் போகலாம். அதே மனிதரின் நள்ளிரவு இரத்தத்தில் நுண்புழுக்கள் நெளியலாம். பணியாளர் தம் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவது இதற்காகவே.

இனி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். கால் வீங்கியவரைக் கண்டு ஊரே ஒதுங்குகிறது. "அவரிடமிருந்து நமக்கு ஒட்டிக்கொள்ளும்" என்று அஞ்சுகிறது. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கால் பெருத்துப் பல்லாண்டுகள் ஆனவரின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழுக்கள் இருப்பதில்லை. காய்ச்சலோ வீக்கமோ ஏதுமின்றி, கடைக்கும் கழனிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் ஆரோக்கியமாகச் சென்று வருபவரின் இரத்தத்திலேதான் அவை நிறைந்திருக்கக் கூடும். தொற்று பெரும்பாலும் இளம் பருவத்திலேயே ஏற்பட்டுவிடுகிறது. வீக்கமோ பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. ஆக, "எனக்கு நோயில்லை" என்று நாம் சொல்லும் சொல்லுக்கு ஒரு துளி இரத்தமே சாட்சி கூற முடியும்.

சென்னையில் பயின்றவர் தந்த மருந்து

இந்நுண்புழுவை ஒடுக்கும் மருந்து ஓர் இந்தியரின் வழிகாட்டலில் பிறந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பயனாக, 1947-இல் டையெத்தில்கார்பமசின் என்னும் மருந்து உலகிற்கு அறிமுகமாயிற்று. நாம் 'டி.இ.சி. மாத்திரை' என்று அறிவது அதுவே. அடுத்த ஆண்டிலேயே அவர் காலமானார்.

இம்மருந்து இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களை விரைந்து அழிக்கிறது. தாய்ப் புழுக்களை முழுவதும் அழிப்பதில்லை. எஞ்சிய தாய்ப் புழு மீண்டும் ஈனத் தொடங்குகிறது. அது மடியும்வரை ஆண்டுக்கொரு முறை நுண்புழுக்களைத் துடைத்துக்கொண்டே வந்தால், கொசுவுக்கு எடுத்துச் செல்ல ஒன்றும் இராது. நோயின் சங்கிலி அறுபடும். ஆனால் ஊரில் சிலர் மட்டும் உண்டால் போதாது. நோயாளி, நோயற்றவர் என்ற பேதமின்றி ஏறக்குறைய எல்லாரும் உண்ண வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிப் பெண்கள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோருக்கு மட்டுமே விலக்கு.

1996-97-இல் நம் நாட்டில் ஏழு மாநிலங்களைச் சேர்ந்த 13 மாவட்டங்களில் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. தமிழகத்தில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது நம் கடலூர் மாவட்டம். பின்னர் டி.இ.சி.யுடன் குடற்புழுவுக்கான அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்க்கப்பட்டது. 2004 முதல் இத்திட்டம் நாடு தழுவியதாயிற்று.

வீடு தேடி வந்த மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "உண்டோம்" என்று கணக்குச் சொன்னவர்கள் அன்று எத்தனையோ பேர்! உண்டவர்களுள் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் மயக்கமும் கண்டதால் அச்சம் பரவியது. மாத்திரை கெட்டது என்பது அதன் பொருளன்று. இரத்தத்தில் நுண்புழுக்கள் ஏராளமாக மடியும்போது உடல் காட்டும் எதிர்வினை அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளமாகவே அதைக் கொள்ள வேண்டும்.

நம் வீட்டின் பின்புறம்

வெள்ளாற்றையும் வெலிங்டன் ஏரியையும் பார்த்து, "தண்ணீர் மிகுந்த இடம், கொசு வராமல் என்ன செய்யும்?" என்று பேசிக்கொள்கிறோம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு பெரும்பாலும் நல்ல நீரில் வளர்வது. கியூலெக்ஸ் கொசுவோ அழுக்கு நீரை நாடுவது. மூடாத சாக்கடை, வெடித்த மூடியுள்ள கழிவுநீர்த் தொட்டி, சமையலறை நீர் தேங்கும் கொல்லைப்புறக் குழி ஆகியவையே அதன் தொட்டில். பள்ளிவாசலில் நாம் உளூ செய்யும் நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று என்றேனும் பார்த்ததுண்டா? தூய்மைக்காகச் செலவிட்ட நீர் சுவருக்குப் பின்னால் தேங்கிக் கொசு வளர்க்குமானால், அதற்கு வடிகால் அமைப்பது ஜமாஅத்தின் கடமையல்லவா?

இது வெறும் அறிவுரையன்று. புதுச்சேரியில் 1975-இல் நிறுவப்பட்ட கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை அந்நகரில் நீர்த்தேக்கங்களை ஒழுங்குபடுத்திப் பைலேரியாவைக் கட்டுப்படுத்த முனைந்தது. பழைய தென்னாற்காட்டின் மற்றொரு பகுதியான திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களிலும் ஓர் ஆய்வு நடந்தது. கழிவுநீர்க் குழிகளின் மேல், தெர்மோகோல் என்று நாம் அழைக்கும் பொருளின் சிறு மணிகளைப் பரப்பினர். மணிகள் நீரை மூடிக்கொள்ளவே, கொசுப் புழுக்கள் மேலே வந்து சுவாசிக்க வழியின்றி மடிந்தன. 2007-இல் வெளியான அதன் முடிவு நாம் கவனிக்கத்தக்கது. மருந்தோடு கொசு ஒழிப்பும் நடந்த ஊர்களில், மருந்து நிறுத்தப்பட்ட பின்னரும் பெற்ற பலன் நிலைத்தது. மருந்தை மட்டுமே நம்பிய ஊர்களில் தொற்று மீண்டும் தலைதூக்கத் தொடங்கியது.

மறைத்து வைக்கும் துயரம்

புதிய தொற்றைத் தடுப்பது ஒருபுறம் இருக்க, ஏற்கெனவே கால் வீங்கியோரின் நிலை என்ன? பெண்ணுக்குக் கால் வீக்கம் என்று தெரிந்தால் நிக்காஹ் பேச்சு நின்றுவிடும் என்று தாய் அதை மறைக்கிறாள். புடவையின் கீழ் மறைந்த கால் மருத்துவரின் கண்ணுக்கும் மறைந்துவிடுகிறது. விரை வீக்கம் கொண்ட ஆண்கள் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. அறுவை சிகிச்சையால் தீரக்கூடிய துன்பத்தை ஆயுள் முழுதும் சுமக்கின்றனர். பரம்பரை என்றும், யாரோ இட்ட சாபம் என்றும் கூறி மனத்தைத் தேற்றிக்கொள்வோரும் உண்டு. கொசு கொண்டுவந்த புழுவுக்குச் சாபத்தோடு என்ன தொடர்பு?

பெருத்துவிட்ட காலை முன்போல் ஆக்குவது அரிது. எனினும் அது மேலும் பெருக்காமல் காக்க முடியும். அடிக்கடி குளிரும் காய்ச்சலும் கண்டு, நெறிகட்டி, கால் சிவந்து வலிப்பதற்கு, விரலிடுக்குப் புண்கள் வழியே நுழையும் பாக்டீரியாக்களே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தைக் கூட்டிவிட்டே செல்கிறது. ஆகவே இதற்குரிய முதற் சிகிச்சை மிக எளியது: காலைக் கழுவுதல்!

நாள்தோறும் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு, விரலிடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் மென்மையாகக் கழுவ வேண்டும். பின் மெல்லிய துணியால் ஈரம் சிறிதுமின்றி ஒற்றித் துடைக்க வேண்டும். வெடிப்புகளுக்கு மருத்துவர் தந்த களிம்பைத் தடவ வேண்டும். அமரும்போதும் உறங்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். கணுக்காலை மேலும் கீழும் அசைத்துப் பயிற்சி தர வேண்டும். வெளியே செல்கையில் காலணி அவசியம். காய்ச்சல் கண்ட நாளில் பயிற்சியை நிறுத்தி, ஓய்வெடுத்து, மருத்துவரை நாட வேண்டும். கீறுவதும் சூடு வைப்பதும் ஆகாது.

ஐவேளையும் உளூச் செய்து, கால் விரல்களைக் கோதிக் கழுவும் வழக்கம் உடைய நமக்கு இது கடினமான செயலா? நாம் கூடுதலாகச் செய்ய வேண்டியவை இரண்டே: நாளுக்கொரு முறை சோப்பு, ஒவ்வொரு உளூவுக்குப் பின்னும் விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்தல். குனிந்து காலைக் கழுவ இயலாத முதியவர் வீட்டில் இருந்தால், அப்பணியைப் பேரப்பிள்ளைகள் ஏற்கட்டும்.

முடிக்க வேண்டிய வேலை

இலங்கையும் மாலத்தீவும் 2016-இல் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பங்களாதேஷ் 2023-இல் அந்நிலையை எட்டியது. நம் நாடு 2027-ஐ இலக்காகக் கொண்டுள்ளது. தமிழகம் வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. ஆறு, ஏழு வயதுப் பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து, புதிய தொற்று அருகிவிட்டது என்று கண்ட பின்னரே பல மாவட்டங்களில் ஆண்டு மருந்து நிறுத்தப்பட்டது.

மருந்து நின்றதால் பணி முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. கொசு இன்னும் இருக்கிறது. பிழைப்புக்காக நம்மவர் வெளியூர் செல்கின்றனர். வெளியூரார் இங்கு வருகின்றனர். எங்கோ ஒருவரின் இரத்தத்தில் நுண்புழு எஞ்சியிருந்தாலும், அது பரவுமுன் கண்டுபிடிக்க உதவும் ஒரு வழி அந்த இரவுப் பரிசோதனை.

ஆகவே அன்புச் சகோதர சகோதரிகளே, அடுத்த முறை இரவில் கதவு தட்டப்பட்டால் திறவுங்கள். உறங்கும் பிள்ளையை எழுப்பி, அதன் சிறு விரலை நீட்டச் சொல்லுங்கள். முதலில் உங்கள் விரலை நீட்டுங்கள். அந்த ஒரு துளி உங்களுக்காக மட்டும் கேட்கப்படுவதன்று. அடுத்த வீட்டில் உறங்கும் குழந்தை பத்தாண்டுகள் கழித்துத் தன் காலைப் புடவைக்குள் மறைக்காமல் நடமாட, நீங்கள் இன்று செய்யும் உதவி அது.