கணிப்பொறி மொழியைத் தெரிந்தெடுத்தல்

பேராசிரியர் மகலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், 1950-களின் நடுவே, பிரிட்டனிலிருந்து தருவிக்கப்பெற்ற எச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி நிறுவப்பெற்றது. இந்தியாவில் இயங்கிய முதல் எண்முறைக் கணிப்பொறி இதுவேயாகும். சுழலும் காந்த உருளை ஒன்றே அதன் நினைவகம். அதற்குரிய கட்டளைகளைப் பொறியின் எண் குறியீட்டிலேயே எழுதவேண்டியிருந்தது. மொழியைத் தெரிந்தெடுப்பது என்னும் பேச்சுக்கே இடமில்லை. பின்னர் சோவியத் நாட்டுப் பொறியாகிய உரால் அங்கு வந்தது. ஒன்றுக்கென எழுதிய கட்டளைகள் மற்றொன்றுக்குப் பயன்படா. ஒரே கணக்கை இரண்டிலும் செய்யவேண்டின் இருமுறை எழுதுதல் வேண்டும்.

இக்குறையை நீக்கவே உயர்நிலை மொழிகள் தோன்றின. 1957-ல் வெளிவந்த ஃபோர்ட்ரான் அறிவியல் கணக்குகளுக்கும், 1960-ல் வரையறுக்கப்பெற்ற கோபால் அலுவலகக் கணக்குகளுக்கும் உரியவை. இவற்றில் எழுதியதை ஒவ்வொரு பொறியின் குறியீட்டுக்கும் மாற்றித் தருவதற்குத் தனி நிரல் உண்டு. ஆகவே, பொறி மாறினும் உழைப்பு பெரும்பாலும் வீணாவதில்லை.

இன்று மொழிகள் பல. எதனைக் கொள்வது? வேலை யாருக்காக என்பதை முதலில் வினவுதல் வேண்டும். பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டுக்கு ஓர் ஆசிரியர் நிரல் எழுதுகிறார் என்று கொள்வோம். அவருக்கு மாற்றலாகிவிட்டால் அதனைத் திருத்தவல்லார் அங்கு இருத்தல் வேண்டும். இல்லையேல் பதிவேடே முடங்கும். எனவே அலுவலக வேலைக்கு உடன்பணியாற்றுவோர் அறிந்ததும், நெடுங்காலம் பேணப்படுவதுமான மொழியே தக்கது. நிரல்கள் எழுதியவர் எண்ணியதைவிட நீண்டகாலம் வாழ்வன. ஆண்டினை இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்த பழைய நிரல்களைத் திருத்த, 2000-ஆம் ஆண்டு பிறக்குமுன் உலகெங்கும் பெரும்பாடு பட நேர்ந்தது இதற்குச் சான்று.

வலைத்தளம் முதலியவற்றை அமைக்க உதவும் ஆயத்தச் சட்டகங்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஜாங்கோ போன்ற சட்டகம் கடவுச்சொல் காப்பு, தரவுத்தளத் தொடர்பு ஆகியவற்றை முன்னரே அமைத்துத் தருகிறது. ஆனால் அதன் புதிய பதிப்புகளுக்கேற்ப நம் நிரலையும் அவ்வப்போது திருத்தவேண்டும். அதற்கு ஆளில்லாத அலுவலகத்துக்கு எளிய அட்டவணைத்தாளே போதும்.

சொந்த முயற்சியிலோ இழப்பு நம்மோடு நிற்கும். அங்கே புதிய மொழியைத் துணிந்து பயிலலாம். ஹாலந்து நாட்டினரான கைடோ வான் ராசம் 1989-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கியதே பைதான் மொழி. 1991-ல் அது வெளியாயிற்று. இன்று அது நம் பள்ளிப் பாடங்களிலும் இடம்பெற்றுள்ளது.

ஆகவே, வீட்டில் சோதித்துத் தேர்ந்த பின்னரே, உடன்பணியாளருள் மற்றொருவருக்கேனும் அதனைக் கற்பித்து, அலுவலகத்தில் புகுத்துவது நலம்.