டீசல் அட்டையும் லாரிக் கணக்கும்

நூற்பாலையிலிருந்து சங்கத்துக்கு நூல் வருவதும், சங்கத்திலிருந்து சேலையும் போர்வையும் வெளியூர் போவதும், ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் ஈரோட்டு மஞ்சளும் தூரத்துச் சந்தைகளை அடைவதும் இன்று பெரும்பாலும் லாரியின் மூலமாகத்தான் நடைபெறுகின்றன. லாரி வாடகை ஏறினால் நெசவாளிக்கு நூல் விலை ஏறுகிறது. விவசாயிக்கோ கைக்கு வரும் தொகை இறங்குகிறது. அந்த வாடகையில் பாதிக்கு அருகில் டீசலுக்கே போய்விடுகிறதென்பது தொழிலில் உள்ளவர்கள் அறிந்த விஷயம். ஆதலால் லாரிக் கம்பெனிகள் தங்கள் டீசல் கணக்கை எவ்வாறு வைத்துக்கொள்கின்றன என்பது நமக்குச் சம்பந்தமற்ற சங்கதியன்று. சொந்தமாக லாரியோ வேனோ வைத்திருக்கும் சங்கங்களுக்கு இது நேராகவே அங்கத்தினர்களின் பணத்தைப் பற்றியதாகும்.

நாமக்கல்லிலிருந்து தில்லிக்குப் புறப்படும் ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 2,400 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால் போவதற்கு மட்டும் 600 லிட்டர் வேண்டும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 54,000 ரூபாய் ஆகிறது. திரும்பி வருவதற்கு மறுபடியும் அவ்வளவு. முன்பெல்லாம் இத்தொகையை ரொக்கமாக டிரைவர் கையில் கொடுத்தனுப்புவதே வழக்கம். இரவில் வழிமறிப்பவனுக்கு அஞ்ச வேண்டும். உறங்கும்போது மடியைப் பற்றிக்கொண்டே உறங்க வேண்டும். ஊர் திரும்பியபின் கசங்கிய ரசீதுகளைக் கொட்டிக் கணக்கு ஒப்புவிக்கவும் வேண்டும். ரசீதில் எழுதிய லிட்டரும் தொட்டியில் விழுந்த லிட்டரும் ஒன்றுதானா என்று முதலாளி கேட்பார். டிரைவர் ஆமென்பார். அதற்குமேல் விசாரிக்க இருவரிடமும் சான்று ஏதுமில்லை.

இந்த இடத்தில்தான் எரிபொருள் அட்டை வந்து சேர்கிறது. நம் நாட்டில் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து எண்ணெய்க் கம்பெனிகள் இதனை நடத்தி வருகின்றன. இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ்டிராக் பிளஸ் என்பன லாரிக்காரர்கள் நன்கறிந்த பெயர்கள். ஏற்பாடு எளிதானதே. லாரிக் கம்பெனி தன் பெயரில் எண்ணெய்க் கம்பெனியிடம் ஒரு கணக்குத் தொடங்கி, அதில் வங்கி மூலம் முன்பணம் செலுத்துகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் அவ்வண்டியின் பதிவெண்ணோடு ஓர் அட்டை வருகிறது. பணம் அட்டையில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பதை நாம் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். இன்ன வண்டி ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கலாகாது, மாதத்துக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டும் அதிகாரம் முதலாளியிடமே இருக்கிறது. தம் மேசையிலிருந்தபடியே அவர் அவ்வரம்பை ஏற்றலாம், இறக்கலாம், அட்டையையே நிறுத்தியும் வைக்கலாம்.

டிரைவர் பங்கில் டீசல் போட்டபின் அங்குள்ள சிறு இயந்திரத்தில் அட்டையைச் செலுத்தித் தமக்குக் கொடுக்கப்பட்ட இரகசிய எண்ணை அழுத்துகிறார். இயந்திரம் கணக்கில் இருப்பு உண்டா, வரம்பு மீறவில்லையா என்று தலைமையிடத்துக் கணினியைக் கேட்டு, சரியென்றால் சீட்டை அச்சடித்துத் தருகிறது. சில ஏற்பாடுகளில் வண்டியின் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் அப்போதே பதிவு செய்ய இடமுண்டு. சீட்டு டிரைவர் கையில் இருக்கும்போதே முதலாளியின் கைபேசிக்குச் செய்தி போய்விடுகிறது: இன்ன வண்டி, இன்ன ஊர், இன்ன நேரம், இவ்வளவு தொகை. இப்போது அட்டையே இல்லாமல், கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைச் சொல்லி டீசல் வாங்கும் வசதியும் வந்துள்ளது. உருவம் மாறினாலும் உட்பொருள் ஒன்றுதான்.

இவ்வேற்பாட்டின் மூதாதையை அமெரிக்காவில் காணலாம். 1969-இல் நாஷ்வில் நகரில் தொடங்கப்பெற்ற காம்டேட்டா என்னும் ஸ்தாபனம், நெடுந்தூரம் செல்லும் டிரைவர்களுக்கு வழியிலுள்ள லாரி நிறுத்தங்களில் கம்பெனிப் பணம் கிடைக்க வழி செய்தது. அங்கே அட்டைக்கு வேறொரு பயனும் உண்டு. அமெரிக்காவின் 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, லாரி எங்கே டீசல் வாங்கினாலும் எந்த மாநிலத்தில் எவ்வளவு தூரம் ஓடியதோ அந்த விகிதப்படியே எரிபொருள் வரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்குரிய கணக்கைத் தயாரிக்க அட்டைப் பதிவுகள் பெரிதும் உதவுகின்றன. நம் நாட்டிலோ எங்கே வாங்குகிறோமோ அங்கேயே வரி. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறுபடுவதால் எல்லையைத் தாண்டினால் விலையும் வேறாகிறது. எந்த ஊரில் நிரப்பினால் அனுகூலம் என்று பார்த்து டிரைவருக்குச் சொல்லி அனுப்பும் முதலாளிக்கு, அவர் சொன்ன ஊரில்தான் நிரப்பப்பட்டதா என்பதை அட்டை காட்டிக்கொடுக்கிறது.

கூட்டுறவாளர்களாகிய நமக்கு அதனினும் சுவையானது ஜெர்மனியின் செய்தி. அங்கே சிறு லாரி உடைமையாளர்கள் வட்டாரந்தோறும் எஸ்.வி.ஜி. என்று சுருக்கமாக வழங்கும் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்திருக்கிறார்கள். அச்சங்கங்களே அங்கத்தினர்களுக்கு எரிபொருள் அட்டை, சுங்கக் கட்டண ஏற்பாடு, காப்பீடு முதலியவற்றைச் செய்து தருகின்றன. ஓரிரு வண்டி வைத்திருப்பவர் தனியே போய் நின்றால் எண்ணெய்க் கம்பெனி அவர் பேச்சுக்கு என்ன மதிப்புக் கொடுக்கும்? பலர் சேர்ந்து வாங்கும்போதுதான் சலுகை பேச இடம் உண்டாகிறது.

இனி அனுகூலங்களைப் பார்ப்போம். அட்டை விற்க வருகிறவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது, வாங்கும் டீசலுக்கு ஏற்ப வரவு வைக்கப்படும் வெகுமதிப் புள்ளிகளைத்தான். நம் அபிப்பிராயத்தில் இது கடைசியாகப் பேசவேண்டிய விஷயம். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு லாரி 1,500 லிட்டர், அதாவது 1,35,000 ரூபாய்க்கு டீசல் வாங்குகிறது. புள்ளிகளால் நூற்றுக்கு ஒரு ரூபாய் மிஞ்சுமென்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 1,350 ரூபாய்தான். அதே வண்டியில் இருபது லிட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் கணக்கில்லாமல் போயிற்றென்றால் மாதத்துக்கு 75 லிட்டர், 6,750 ரூபாய். ஆண்டுக்கு 81,000 ரூபாய். நெசவாளர் சங்கமொன்றுக்கு இது சிறு தொகையா என்பதை அங்கத்தினர்களே சொல்லட்டும்.

மெய்யான அனுகூலம், வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாவது இடத்தில் கணக்கு எழுதப்படுகிறது என்பதே. 2017 ஜூன் 16 முதல் டீசல் விலையை நாள்தோறும் காலை 6 மணிக்கு மாற்றியமைக்கும் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், பழைய ரொக்க ரசீதின் விலை சரிதானா என்று தணிக்கையில் பார்ப்பது பெருந்தொல்லையாயிற்று. தேதி, ஊர், பங்க் மூன்றும் தெரிந்தாலன்றி விலையைச் சரிபார்க்க முடியாது. அட்டைச் சீட்டில் மூன்றும் இருக்கின்றன. வருமான வரிச் சட்டமும், ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைப் பொதுவாகக் கழிவாக ஏற்பதில்லை. ஒரு தடவை தொட்டியை நிரப்பினாலே அத்தொகை தாண்டிவிடுமாகையால் லாரிக் கம்பெனிக்கு இது சாமானிய விஷயமன்று. ஆனால் அட்டையில் வாங்கினால் சரக்கு சேவை வரியில் வரவு கிடைக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. டீசல் அவ்வரிக்குள் சேராத பொருள். எப்படி வாங்கினாலும் அந்த வரவு இல்லை.

கடன் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரக்கு அனுப்பியவர் வாடகையில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து மீதியை ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துத் தருகிறார். டீசலுக்கோ இன்றே பணம் வேண்டும். இந்த இடைவெளியில்தான் பல சிறு லாரிக்காரர்கள் கந்துக்காரரிடம் போய் விழுகிறார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் வங்கிகளோடும் நிதி ஸ்தாபனங்களோடும் சேர்ந்து, அட்டையின் மேல் குறுகிய காலக் கடன் கிடைக்கச் செய்திருக்கின்றன. தவணைக்குள் கட்டிவிடுகிறவருக்கு இது பெரிய உபகாரம். தவறினால் வட்டி ஏறும். தனியாரிடம் நூலைக் கடனுக்கு வாங்கிப் பழகிய நெசவாளிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அட்டையால் ஆகாததும் உண்டு. அட்டைக்குத் தெரிவதெல்லாம் பங்கில் செலுத்திய தொகைதான். அந்த டீசல் முழுதும் அந்த வண்டியின் தொட்டியில்தான் விழுந்ததா என்பது அதற்குத் தெரியாது. 100 லிட்டருக்கு அட்டையைத் தேய்த்து, 80 லிட்டர் ஊற்றி, மீதியை ரொக்கமாகப் பங்கிட்டுக்கொள்ளும் தந்திரம் நெடுஞ்சாலையில் புதிதன்று. இரகசிய எண்ணை அட்டையின் உறையிலேயே எழுதி வைப்பதும், அட்டையைப் பழகிய பங்கிலேயே விட்டுவிட்டு வருவதும் அதற்கு வழி திறந்துவிடும் செயல்கள்.

நம் சங்கங்களில் நூல் பட்டுவாடா எவ்வாறு நடக்கிறது? நூலை எடை போட்டுக் கொடுக்கிறோம். நெய்த சேலையை எடை போட்டு வாங்குகிறோம். இடையில் இன்ன அளவு சேதாரம் என்று வைத்திருக்கிறோம். கொடுத்த எடையை மட்டும் எழுதி, வாங்கிய எடையை எழுதாத பாஸ் புத்தகத்தால் யாருக்கு என்ன பயன்? அட்டைச் சீட்டு, கொடுத்த நூலின் எடை போன்றது. ஓடிய கிலோமீட்டர்தான் சேலையின் எடை. இரண்டையும் மாதந்தோறும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் கம்பெனிக்கே அட்டையினால் லாபம். 365 லிட்டர் கொள்ளும் தொட்டியில் 400 லிட்டர் நிரப்பியதாகச் சீட்டு வந்தால் அதனைக் கண்டுகொள்ளக் கணினி வேண்டியதில்லை. படித்துப் பார்க்கும் ஓர் ஆள்தான் வேண்டும்.

அப்படிப் படிப்பவர் நிதானமுள்ளவராகவும் இருக்கவேண்டும். நூலின் நம்பருக்கு ஏற்பவும், ஈரப்பதத்துக்கு ஏற்பவும் சேதாரம் மாறுவதை நெசவாளி அறிவார். லாரியும் அப்படித்தான். சேலத்திலிருந்து பாரத்தோடு தொப்பூர்க் கணவாய் ஏறும் வண்டியையும், காலியாக அதே கணவாயில் இறங்கும் வண்டியையும் ஒரே அளவுகோலால் அளக்கலாகாது. டயரில் காற்றுக் குறைந்தாலும், சரக்கு இறக்குமிடத்தில் என்ஜினை நிறுத்தாமல் காத்துக் கிடந்தாலும் டீசல் கூடத்தான் செலவாகும். ஒரு நடையைக் கொண்டு டிரைவர்மேல் பழி சொல்வது நியாயமன்று. நாலைந்து மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபின் பேசுவதே முறை.

சில ஆண்டுகளுக்குமுன் நாம் தணிக்கைக்குப் போன ஒரு சங்கத்தில், சங்க வேனின் டீசல் வவுச்சர்கள் பன்னிரண்டு மாதமும் 2,000, 3,000 என்று முழு எண்களிலேயே இருந்தன. ஓட்டப் புத்தகம் எழுதப்படவில்லை. பொதுக் குழுவில் யாரோ ஒருவர் சந்தேகத்தைக் கிளப்ப, எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த டிரைவர்மீது பேச்சு விழுந்தது. அவர் எடுத்தார் என்று காட்டவும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எடுக்கவில்லை என்று காட்டவும் கிடையாது. தணிக்கை அறிக்கையில் ஆதாரம் போதாது என்றுதான் நாம் எழுத முடிந்தது. அவ்வாக்கியம் அவரைக் குற்றவாளியாக்கவில்லையாயினும் காப்பாற்றவும் இல்லை. அடுத்த மாதமே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எரிபொருள் அட்டையை டிரைவரைப் பிடிக்கும் பொறியென்று பேசுகிற நிர்வாகிகளுக்கு இச்செய்தியை நாம் சொல்வதுண்டு. நாணயமான டிரைவருக்கு அதுவே சாட்சி. மடியில் ரொக்கமில்லாமல் இரவில் கண்ணயரலாம் என்பது அதற்கு மேற்பட்ட ஆறுதல்.

அட்டை வாங்க எண்ணும் சங்கங்கள் சில விஷயங்களை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளவேண்டும். ஒரு கம்பெனியின் அட்டை அக்கம்பெனியின் பங்குகளில்தான் செல்லும். அவற்றிலும் அவ்வேற்பாட்டில் சேர்ந்தவற்றில்தான். ஆகவே நம் வண்டி வழக்கமாகப் போகும் வழியில் எந்தக் கம்பெனியின் பங்குகள் மிகுதி என்று டிரைவரையே கேட்டறிவது நலம். முன்பணம் கணக்கில் சும்மா தங்கினால் வட்டி கிடையாதாகையால், ஒரு வாரத் தேவைக்குமேல் போட்டு வைக்கவேண்டியதில்லை. வண்டி ஒன்றே ஒன்று, அதுவும் உள்ளூரிலேயே ஓடுவதென்றால், பக்கத்துப் பங்கில் காசோலைக் கணக்கு வைத்து ஓட்டப் புத்தகத்தை ஒழுங்காக எழுதினாலே போதும், அட்டை அவசியமில்லை.

வரம்பை நிர்ணயிப்பதும் மாற்றுவதும் நிர்வாகக் குழுவின் தீர்மானப்படி நடக்கவேண்டும். மாற்றும் கடவுச்சொல் செயலாளரிடம் இருந்தால் மாதப் பட்டியலைச் சரிபார்ப்பவர் வேறொருவராக இருத்தல் வேண்டும். டிரைவர் மாறும் அன்றே இரகசிய எண்ணையும் மாற்றிவிடவேண்டும். அட்டை தொலைந்தால் எண்ணெய்க் கம்பெனிக்கு உடனே தெரிவித்து அதனை நிறுத்தி, நிறுத்திய நேரத்தை ஓட்டப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். அதற்கு முன் நடந்த செலவு சங்கத்தையே சாரும். வண்டியை விற்கும்போது அட்டையை ஒப்படைத்துக் கணக்கிலுள்ள மீதிப் பணத்தை எழுத்து மூலம் கேட்டு வாங்கி, அம்மாதத்து ரொக்கப் புத்தகத்தில் வரவு வைக்கவேண்டும்.