சாரணர் தலைவரா நீங்கள்? இலவச நடவடிக்கைத் திட்டங்கள் எங்கே கிடைக்கும்?

வாரம் முழுக்க வேலை, படிப்பு. சனிக்கிழமை வந்தா, "இன்னைக்கு என்ன செய்யப் போறோம்?" என்று பிள்ளைகள் கேட்பாங்க. ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப நடத்தினால் சலித்துப்போய் வராமலே நின்றுவிடலாம்.

தொண்டூழியத் தலைவர்கள் காசு செலவழிக்காமல் எங்கே தேடலாம்?

பிரிட்டிஷ் சாரணர் சங்கம்: அதன் இணையத்தளத்தில் ஏராளமான நடவடிக்கைகள் இருக்கு. வயது, நேரம், இடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

உலகச் சாரணர் அமைப்பு: 'எர்த் டிரைப்' திட்டத்தில் சுற்றுச்சூழல் சார்ந்த நடவடிக்கைகள் கிடைக்கும்.

தேசியப் பூங்காக் கழகம்: நடைபாதை வழிகாட்டிகளை இலவசமாகப் பதிவிறக்கலாம். வரைபடத்தோடு நடைப்பயணம் ரெடி!

அப்படியே பயன்படுத்தலாமா?

வேண்டாம். முதலில் நம்ம ஊருக்கு ஏற்றபடி மாற்றணும்.

வெளிநாட்டுத் திட்டத்தில் காட்டில் தீ மூட்டிச் சமைக்கச் சொல்லியிருக்கலாம். சிங்கப்பூர்ப் பூங்காக்களில் நினைத்த இடத்தில் தீ மூட்ட முடியாது.

இங்கே இடி, மின்னலும் அதிகம். கிளம்பும் முன் 'மைஎன்வி' செயலியில் வானிலையைப் பாருங்கள். மழை வந்தால் உள்ளரங்கில் செய்ய முடிச்சுப் போடுதல், முதலுதவி போன்ற மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும்.

முடிந்த பிறகு?

எவ்வளவு நேரம் எடுத்தது, பிள்ளைகளுக்கு எது பிடித்தது, எது சரிவரவில்லை என்று குறித்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு வரும் தலைவருக்கு அதுவே இலவசத் திட்டம். நம்ம ஊரில் செய்து பார்த்த திட்டமும்கூட.