கிணற்றில் எண்ணெய்! ஒரு அறிக்கை ‘உண்டு’ என்றது. இன்னொன்று ‘இல்லை’ என்றது!

சுன்னாகம் கிணறுகளின் கதை

கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் பவுசர் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நிற்கும் கொடுமையை, 2015இல் சுன்னாகம் சனங்கள் அனுபவித்தார்கள். அள்ளிய தண்ணீரில் எண்ணெய் மணம்! வாளியில் வானவில் போலப் படலம்! வாயில் வைக்க யாருக்கு மனம் வரும்?

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு கூட மாரிக்கு மட்டும்தான். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாத்துக்கும் கிணறுதான். அந்தக் கிணற்றில் எண்ணெய் கலந்தால் குடும்பம் எங்கே போகும்?

சந்தேகம் அங்குள்ள அனல் மின்நிலையங்களின் பக்கம் திரும்பியது. கழிவு எண்ணெயை நிலத்தில் விட்டதே காரணம் என்று சனங்கள் கொதித்தார்கள். போர்க்காலத்தில் எண்ணெய்த் தாங்கிகள் குண்டுவீச்சில் சேதமாகிக் கசிந்த பழைய எண்ணெய்தான் இது என்று மறுபேச்சும் எழுந்தது.

150இல் 109!

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013-14இல் மின்நிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் 150 கிணறுகளைப் பரிசோதித்தது. அதில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் குடிநீர் வரம்பை மீறியிருந்தன. நூற்றுக்கு எழுபத்து மூன்று கிணறுகள்! 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் அங்கிருந்த தனியார் நிறுவனத்தின் மின் உற்பத்தியை நிறுத்தும்படி உத்தரவிட்டது.

பிறகுதான் குழப்பம். வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, பயப்படும்படி எண்ணெய் மாசு இல்லை என்று அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளை முதல் கடை முதலாளி வரை கேட்டது ஒரே கேள்வி: அப்ப தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா?

ஒரே தண்ணி, வேறு வேறு சோதனை

‘எண்ணெய்ப் பரிசோதனை’ என்று ஒன்று மட்டும் இல்லை. ‘எண்ணெய் - கிறீஸ்’ சோதனை எண்ணெய்ப் பசை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கெடுக்கும். பம்பில் பூசிய கிறீசும் அதில் வரும், கைதவறி விழுந்த நல்லெண்ணெயும் வரும். அதனால் அது கூடக் காட்டினால் பெற்றோல் வகைதான் என்று உடனே அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சோதனை பென்சீன், டொலுவீன் போன்றவற்றைத் தனித்தனியே தேடும். பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் பெற்றோலில்தான் பென்சீன் அதிகம். மின்நிலையத்தில் எரிக்கும் கனத்த எண்ணெயில் அது மிகக் குறைவு. ஆகவே ‘பென்சீன் இல்லை’ என்றால் ‘எண்ணெய் இல்லை’ என்று ஆகிவிடாது. அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படிப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தண்ணீர் எடுக்கும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. எண்ணெய் மிதக்கும், அடியிலிருந்து அள்ளினால் அகப்படாது. பென்சீன் காற்றில் பறக்கும். அரைப் போத்தல் எடுத்து வெயிலில் வைத்துக் கொண்டுபோனால் வழியிலேயே காணாமல் போய்விடும். கண்ணாடிச் சீசாவில் குமிழி இல்லாமல் முட்ட நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பழைய சோடாப் போத்தல் உதவாது.

வாளியில் தெரியும் படலமெல்லாம் எண்ணெயும் அல்ல. இரும்புச் சத்துள்ள தண்ணீரிலும் மினுமினுப்பு வரும். குச்சியால் தொட்டால் அது ஓடு உடைவது போலத் துண்டு துண்டாகப் பிரியும். எண்ணெய்ப் படலமோ விலகிப் போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பாறைக்குள் ஒளியும் எண்ணெய்

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல். உள்ளே வெடிப்பும் குகையும். கீரிமலையில் கடலோரம் நன்னீர் ஊறுவதும் இந்த வழிகளால்தான். எண்ணெய் எந்த வெடிப்பில் புகுந்து எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக் கிணறு சுத்தமாக இருக்கும், மூன்று வளவு தள்ளி மணக்கும்!

மாரியில் நீர்மட்டம் ஏறும், கோடையில் இறங்கும். அதோடு எண்ணெயும் ஏறி இறங்கிப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். இந்த மாதம் காணாதது அடுத்த மாரியில் வரலாம். ஒருநாள் வந்து போத்தல் நிரப்பிக் கொண்டுபோவது கண்காணிப்பு ஆகாது. அதே கிணறு, அதே ஆழம், அதே சோதனை என்று மாரியிலும் கோடையிலும் வருஷக் கணக்கில் பார்க்க வேண்டும். மாசு கிளம்பிய இடத்தைச் சுற்றித் தனியாகக் கண்காணிப்புக் கிணறுகளும் தோண்ட வேண்டும். அதில் துளைக் குழாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். ஆழத்தில் மட்டும் துளை போட்டால் மிதக்கிற எண்ணெய் உள்ளே வராது. காசு பிடிக்கிற வேலைதான்.

வழக்கு கொழும்பு உயர் நீதிமன்றம் வரை போனது. நீர் வழங்கல் சபையின் சோதனை முடிவுகள் அங்கே முக்கிய சான்றாயின. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே காசு கட்ட வேண்டும் என்று சொல்லி, தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட கிணற்றுச் சொந்தக்காரர் அதிகபட்சம் 500 பேர், ஆளுக்கு மிஞ்சினால் 40,000 ரூபா!