தர்சு நகரத்துப் பவுலடியார்

எருசலேம் நகரிலே யூதரின் பெருந்திருக்கோயில் நிலைபெற்றிருந்த காலத்தில், அதன் வெளிமுற்றம் யாவர்க்கும் பொதுவாயிருந்தது. கிரேக்கர், உரோமர், சிரியர் முதலாய பிற இனத்தாரும் அதுவரை செல்லலாம். முற்றத்தினுள்ளே மூன்று முழ உயரமுள்ள கற்றடுப்பு ஒன்று சுற்றி வளைந்து நின்றது. அதில் ஆங்காங்கே எச்சரிக்கைப் பலகைகள் நாட்டப்பட்டிருந்தன. பிற இனத்தவன் இதனைக் கடத்தலாகாது, கடந்து அகப்படுவானாயின் தன் சாவுக்குத் தானே காரணனாவான் என்பது அவற்றிற் பொறித்திருந்ததன் கருத்து. அப்பலகைகளுள் ஒன்றை 1871ஆம் ஆண்டிலே கிளெர்மோன் கன்னோ என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் கண்டெடுத்தார். அஃது இன்று இஸ்தான்புல் நூதனசாலையில் இருக்கின்றது.

ஏறக்குறையக் கி.பி. 57ஆம் ஆண்டளவில், இத்தடுப்பின் காரணமாக ஒருவரை மக்கட் கூட்டம் அடித்துக் கொல்ல முற்பட்டது. எபேசு நகரத்தானொருவனை அவர் தடுப்புக்கு உள்ளே அழைத்துச் சென்றார் என்பது குற்றச்சாட்டு. நகரத்திலே இருவரையும் ஒருங்கு கண்டோர் அவ்வாறு எண்ணிக்கொண்டனரேயன்றி அது நிகழவில்லை என்று அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல் கூறுகின்றது. உரோமப் படைத்தலைவன் வீரருடன் ஓடிவந்து அவரைப் பிடித்தான். எகிப்திலிருந்து வந்த கலகக்காரன் ஒருவனே இவன் என்பது அவனுடைய எண்ணம். பிடிபட்டவரோ அவனிடம் கிரேக்க மொழியிலே பேசினார். படைத்தலைவன் வியப்புற்றான். பின்னர் அவர் கோட்டைப் படியிலே நின்று, கூட்டத்தை நோக்கி அவர்களுடைய சொந்த மொழியிலே பேசத் தொடங்கினார். கூட்டம் அடங்கிக் கேட்டது. தாம் பிற இனத்தாரிடத்தே அனுப்பப்பட்டவர் என்று அவர் சொன்ன மாத்திரத்தே மீண்டும் கொதித்தெழுந்தது. இவனைச் சவுக்கால் அடித்து உண்மையை அறியுங்கள் என்று படைத்தலைவன் கட்டளையிட, உரோமக் குடிமகன் ஒருவனைத் தீர்ப்பின்றி அடித்தல் சட்டத்துக்கு ஒக்குமோ என்று அவர் வினவினார். படைத்தலைவன் அஞ்சினான். அக்குடியுரிமையை அவன் பெரும்பொருள் கொடுத்துப் பெற்றிருந்தான். அவரோ பிறப்பினாலேயே அதற்கு உரியவர்.

அவரே பவுல். எம் நாட்டுக் கத்தோலிக்க மக்கள் நெடுங்காலம் அவரைச் சின்னப்பர் என்றே வழங்கி வந்தனர். பவுலுஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவன் என்பது பொருளாதலின், முன்னையோர் பெயரையுமே தமிழாக்கிவிட்டனர். இத்துணை இனிய தமிழாக்கத்தை இக்காலத்தார் கைநெகிழ விடுதல் எமக்கு உடன்பாடன்று. நிற்க.

ஒரு நாழிகைப் பொழுதுக்குள்ளே கிரேக்க மொழியும், யூதரின் மொழியும், உரோமரின் சட்டமும் ஒருவர் நாவிலிருந்து வெளிப்பட்டன. இம்மூன்றும் அவரிடத்தே எங்ஙனம் வந்து கூடின? அக்கூட்டுறவினால் உலகுக்கு விளைந்தது யாது?

தர்சு என்பது சிலிசியா நாட்டின் தலைநகர். இன்றைய துருக்கியின் தென்கரையை அடுத்துள்ளது. கிளியோபாத்திரா பொன் வேய்ந்த படகிலேறி அந்தோனியைக் காண வந்ததாக ஷேக்ஸ்பியர் நாடகத்திலே நாம் கற்கும் சிட்னஸ் ஆறு இந்நகரின் ஊடாகவே பாய்ந்தது. தத்துவக் கல்வியிலே தர்சு மக்களுக்கு இருந்த ஆர்வம் ஏதென்ஸ், அலெக்சாந்திரியா ஆகிய நகரங்களையும் விஞ்சியது என்று ஸ்திராபோ என்னும் புவியியலறிஞர் எழுதினார். அகுஸ்து பேரரசனுக்கு ஆசிரியராயிருந்த அதினோதோருஸ் இந்நகரத்தவரே. ஆயினும் ஸ்திராபோ வேறொன்றும் சொல்லுகிறார். இங்கே கற்பவர் யாவரும் உள்ளூரார். அவரும் மேற்படிப்புக்கென வெளிநாடு செல்கின்றனர். சென்றவருள் திரும்பி வருவோர் சிலரே. இதனை வாசிக்கும் யாழ்ப்பாணத்தார் சிலர் தமக்குள்ளே புன்முறுவல் செய்தல் கூடும்.

இத்தகைய கிரேக்க நகரிலே, பென்யமீன் கோத்திரத்து யூதக் குடும்பமொன்றிலே பவுல் பிறந்தார். அக்கோத்திரத்திலே தோன்றிய முதல் அரசன் சவுல். அப்பெயரே இவருக்கும் வாய்த்தது. மனமாற்றத்துக்குப் பின்னரே சவுல் பவுலாயினார் என்று எம் மாணவரும், சிலவேளை ஆசிரியருங்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பொருந்தாது. அவர் கிறித்தவரான பின்னும் நடபடிகள் நூல் நெடுந்தூரம் அவரைச் சவுல் என்றே குறிப்பிட்டுச் செல்கிறது. இரு பெயரும் அவருக்கு ஒருங்கே இருந்தன. வீட்டிலும் தொழுகைக்கூடத்திலும் ஒரு பெயர், கடைத்தெருவிலும் நீதிமன்றத்திலும் மற்றொரு பெயர் என்று வாழ்தல் அந்நாளைய புலம்பெயர் யூதர்க்கு இயல்பேயாகும்.

அவர் செய்த தொழில் கூடாரம் அமைத்தல். சிலிசியாவிலே வெள்ளாட்டு மயிரினால் முரட்டுத் துணி நெய்தனர். அத்துணிக்கு நாட்டின் பெயரே வழங்கிற்று. பவுல் தைத்தது அத்துணியையோ தோலையோ என்பதிலே அறிஞர்கள் மாறுபடுவர். கொரிந்து நகரிலே ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரோடு தங்கி இத்தொழிலைச் செய்தே உண்டார் என்பது தெளிவு. கற்ற கிரேக்கர் கைத்தொழிலை இழிவாகக் கருதினர். யூத ஆசிரியர் மரபிலோ, மகனுக்கு ஒரு தொழில் பழக்குதல் தந்தையின் கடமை. கிரேக்கத்திலே கடிதம் எழுதிய கை ஊசி பிடித்துக் காய்த்த கை என்பதை மறத்தலாகாது.

எருசலேமிலே கமாலியேல் என்னும் பேராசானிடம் கற்றமை, பரிசேயராய் நின்று இயேசுவின் அடியாரைத் துன்புறுத்தியமை, தமஸ்கு நகரத்து வழியிலே பெற்ற காட்சியால் முற்றும் மாறியமை ஆகியவை பலரும் அறிந்தவை. அறியாத செய்தியைச் சொல்லுவோம்.

அந்தியோகியா, உரோமாபுரிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த நிலையிலே எண்ணப்பட்ட பெருநகர். கிறித்தவர் என்னும் பெயர் முதன்முதல் வழங்கப்பட்டதும் அங்கேயே. யூதராய்ப் பிறந்த அடியாரும் கிரேக்கராய்ப் பிறந்த அடியாரும் அந்நகரிலே ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். பந்தியிலே இடம் பெறுதல் எத்துணைப் பெரிய செய்தி என்பதை எம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. யூதரின் உணவு விதிகள் கடுமையானவை. விருத்தசேதனம் பெறாதவனோடு அமர்ந்துண்ணலைப் பலர் பொறுக்கமாட்டார். பேதுரு அந்தியோகியாவுக்கு வந்து, தாமும் கிரேக்கரோடு உண்டார். பின்னர் எருசலேமிலிருந்து யாக்கோபின் சார்பினர் சிலர் வந்தனர். அவர்களைக் கண்டதும் பேதுரு மெல்ல விலகித் தனியே உண்ணத் தொடங்கினார். மற்றை யூதரும் விலகினர். பவுலின் உற்ற துணைவராகிய பர்னபாவுங்கூட விலகினார்.

பவுல் பொறுக்கவில்லை. இயேசுவோடு நேரிலே பழகிய தலைமைச் சீடரை, இயேசுவை அவர் வாழ்நாளிலே பின்பற்றாத இவர், எல்லாரும் காண நேர்முகமாகக் கண்டித்தார். பேதுரு யாது விடையிறுத்தார்? கலாத்தியர்க்கு எழுதிய கடிதத்திலே பவுல் அதனைச் சொல்லவில்லை. எமக்குக் கிடைப்பது ஒரு பக்கத்து வாதம் மாத்திரமே. பேதுருவின் நிலையும் எளியதன்று. எருசலேமிலே யூதர் நடுவே வாழ்ந்த அடியாருக்கு வரக்கூடிய இடரை அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் வழக்கின் உயிர் பவுலிடமே இருந்தது என்பது எமது துணிபு. கிரேக்கன் ஒருவன் கிறித்துவை ஏற்பதற்கு முதலிலே யூதனாகல் வேண்டுமா? உடலிலே அடையாளம் பெற்று, உணவை மாற்றினாலன்றி அவனுக்குப் பந்தியில் இடமில்லையா? இல்லை என்று பேசாது விட்டிருந்தால், அப்புதிய நெறி யூத சமயத்தின் சிறு கிளையாகவே நின்றிருத்தல் கூடும்.

இதனால் அவர் யூதப் பண்பாட்டை வெறுத்தார் என்று கொள்வது பெரும்பிழை. கிரேக்கராகிய தீத்துவுக்கு விருத்தசேதனம் வேண்டாவென்று எருசலேமிலே உறுதியாக நின்றார். தாய்வழி யூதராகிய தீமோத்தேயுவுக்குத் தாமே அதனைச் செய்வித்தார் என்கிறது நடபடிகள் நூல். முரண்பாடு போலத் தோன்றும். உண்மையிலே கொள்கை ஒன்றே: அவரவர் தம் குலமரபிலே நின்றபடியே வரலாம். யூதரிடம் ஐந்துமுறை முப்பத்தொன்பது அடி வாங்கியதாகப் பவுலே எழுதுகிறார். நாற்பதுக்கு மேற்படலாகாது என்னும் விதி தவறாதிருக்க ஒன்று குறைத்து அடிப்பது வழக்கம். யூத சமூகத்தை விட்டகன்றவன் மீது அச்சபைக்கு அதிகாரமில்லை. ஐந்து முறையும் அடிபட்டார் என்றால், ஒவ்வொரு முறையும் தம்மவரிடமே திரும்பிச் சென்றார் என்பதே பொருள்.

அவருடைய காலத்தைக் கணிப்பதற்குக் கல்வெட்டொன்று உதவுகின்றது. கொரிந்திலே பவுல் மீது தொடுத்த வழக்கைத் தள்ளிவிட்ட ஆளுநர் கல்லியோன், செனெக்கா என்னும் தத்துவ ஞானியின் தமையன். தெல்பியிலே கிடைத்த கிளவுதியு பேரரசனின் கல்வெட்டிலே இவர் பெயர் காணப்படுகிறது. அதனைக் கொண்டு அவர் அங்கிருந்தது 51 அல்லது 52ஆம் ஆண்டு என்று துணிந்தனர். அக்காலத்தை ஒட்டியே தெசலோனிக்கேயர்க்கு முதற் கடிதம் எழுதப்பட்டது. சுவிசேஷங்கள் நான்கும் அதற்குப் பிற்பட்டவை. பவுலின் பெயரால் வழங்கும் கடிதங்கள் பதின்மூன்று. அவற்றுள் ஏழினை ஐயமின்றி அவருடையவை என்பர் ஆராய்ச்சியாளர். அவர் சொல்ல மற்றொருவர் எழுதுவது வழக்கம். உரோமர்க்கு எழுதிய கடிதத்தின் இறுதியிலே, எழுதிக்கொண்டிருந்த தெர்தியு தாமும் ஒரு வணக்கத்தைச் செருகிவிட்டார்! கலாத்தியர்க்கு எழுதும்போதோ, வழக்கமான நன்றியுரைகூட இல்லை. சினம் அவ்வளவு. முடிவிலே எழுதுகோலைத் தாமே வாங்கிப் பெரிய எழுத்துக்களால் எழுதினார்.

எல்லாவற்றிலும் அவர் தம் காலத்தைக் கடந்து நின்றார் என்று நாம் சொல்லமாட்டோம். ஒனேசிமு என்னும் அடிமையைப் பற்றிப் பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதம் உள்ளத்தை உருக்குவது. அவனைச் சகோதரனாக ஏற்குமாறு வேண்டுகிறது. ஆயினும் அடிமை முறையே தீது என்னும் சொல் அதில் இல்லை. பிற்காலத்தில் அடிமைகளை வைத்திருந்தோரும் அடிமைத்தளையை எதிர்த்தோரும் அக்கடிதத்தையே தத்தமக்குச் சான்று காட்டினர்.

எருசலேமுக்கு அவர் இறுதியாகச் சென்றதும் ஒரு பொருட்கொடையின் நிமித்தமே. மக்கெதோனியா, அகாயா நாட்டுக் கிரேக்க அடியாரிடம் எருசலேமின் ஏழைகளுக்கெனப் பணம் திரட்டியிருந்தார். தாம் போனால் இடர் உண்டென்பதும், அவ்வுதவியை அங்குள்ளார் ஏற்பார்களோ என்பதும் அவருடைய உரோமர் கடிதத்திலேயே கவலையாகத் தொனிக்கின்றன. சென்ற இடத்திலேதான் முன்னர்க் கூறிய கலகம் மூண்டது. செசரியாவிலே ஈராண்டு சிறையிருந்து, பேரரசனிடம் முறையிடும் உரிமையைக் கேட்டு, மால்ற்றாத் தீவருகே கப்பலுடைந்து, முடிவில் உரோமாபுரி சேர்ந்தார். அவரைக் கைதியாக்கிய தடுப்பும் அது காத்த கோயிலும் கி.பி. 70இல் உரோமர் படையால் அழிந்தன.

நீரோ மன்னன் காலத்திலே அவர் வாளால் வெட்டுண்டு இறந்தார் என்பது மரபு. உரோமாபுரியிலே ஒஸ்தியாச் சாலையில் அவர் பெயராலுள்ள தேவாலயத்தின் கல்லறைப் பேழையிலே துளையிட்டு எடுத்த எலும்புத் துணுக்குகள் முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என 2009ஆம் ஆண்டில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ற் அறிவித்தார். நடபடிகள் நூலோ அவருடைய மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாடகை வீடொன்றிலே, காவலுக்கு ஒரு வீரன் உடனிருக்க, தம்மைத் தேடி வந்த யாவரையும் ஏற்றுப் பேசிக்கொண்டு ஈராண்டு இருந்தார் என்ற அளவில் அந்நூல் முடிந்துவிடுகிறது.